சம்பளச் சீட்டில் எழுதக் கூடாத ஒரு வரி

1. ஐம்பது நிமிஷம்

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு நாற்பதுக்கு அயர்லாந்திலிருந்து போன் வந்தது. அங்கே அப்போது காலை பதினொன்று பத்து. இன்னும் ஐம்பது நிமிஷத்தில், அவர்களுக்கு மதியம் பன்னிரண்டு அடிக்கும்போது, ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் நாற்பத்திரண்டு பேருடைய சம்பளச் சீட்டும் அவரவர் மொபைலுக்குத் தானாகப் போய்ச் சேரும். அதில் ஒரு சீட்டில் நான் எழுதியிருந்த ஒரு வரி, ஒரு பெண்ணை அடி வாங்க வைக்கக் கூடியது. அடி மட்டும்தான் என்றால் புண்ணியம்.

பேசியவர் மோயிரா. அந்த இல்லத்தின் ஆபீஸ் மேனேஜர். எப்போதும் அவர்கள் ஊர் மழையைப் பற்றி இரண்டு நிமிஷம் குறைபட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று மழையைக் காணோம். அவர் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் என் மனசில் அது நம்ம ஊர்ப் பேச்சாகவே பதிந்து கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

“சண்முகக்கனி, முப்பத்தொண்ணாம் நம்பர் சீட்டைத் தொறந்து பாருங்க. மூணாவது வரி.”

திறந்தேன். “குடும்ப வன்முறை விடுப்பு, மூன்று நாள்” என்று இங்கிலீஷில் முழுசாக இருந்தது. கூட்டல் சரி. எழுத்துப் பிழைகூட இல்லை.

“சரியாத்தானே இருக்கு மோயிரா?”

“சரியா இருக்கதுதான் பிரச்சினை. அந்தச் சீட்டை மொதல்ல பாக்கது அவ இல்ல, அவ புருஷன்.”

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு அயர்லாந்துக்காரிக்குச் சம்பளம் போட நான் யார் என்று தெரியாமல் மேலே போனால் உங்களுக்குத்தான் குழப்பம். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அவர்கள் கொஞ்சம் பதறினாலும் நல்லதுதான்.

2. நானும் அயர்லாந்தும்

எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அப்படி ஓர் ஆபீசில் பத்தொன்பது வருஷம் சம்பளக் கணக்கு எழுதினேன். முதலாளியின் மகன் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டான். எனக்குப் பேரேட்டைவிட அது ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. பேரேட்டில் தப்பு விட்டால் அடித்துத் திருத்தியது சாகும்வரை தெரியும், இதில் அழித்தால் அழிந்தது.

குருசாமி அண்ணாச்சி எட்டயபுரம் ரோட்டில் ஓர் உரக்கடைக்கு மேலே அயர்லாந்துக் கம்பெனிகளுக்குச் சம்பளம் போட்டுக் கொடுக்கும் ஆபீஸ் திறந்தபோது, எனக்கு வயசு நாற்பத்தைந்து. அவருக்கு என்னைவிட நாலு வயசு குறைவு. நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை எக்கா என்பார். எங்கள் ஊரில் மரியாதைக் கணக்கு அப்படித்தான், பிறந்த தேதியைப் பார்த்துப் போடுவதில்லை.

“எக்கா, இங்கிலீஷ் வருமா?” என்று கேட்டார்.

“எழுதுனா வரும் அண்ணாச்சி. பேசுனா கேக்கவியளுக்குத்தான் கஷ்டம்.”

“சம்பளம் போடத் தெரியுமா?”

“சனிக்கிழமை சாயங்காலம் இருநூறு பொம்பளையாளுகளுக்கு எதுத்தாப்ல உக்காந்து போட்டிருக்கேன். ஒரு ரூவா கொறஞ்சாலும் கொண்டையைப் பிடிச்சிருவாளுக.”

“அப்ப அயர்லாந்து ஒண்ணுமே இல்ல. நாளைக்கு வந்திருங்க.”

ஒண்ணுமே இல்லை என்றவர்தான் முதல் வருஷம் ஐப்பசியில் திண்டாடிப் போனார். அந்த ஊரில் வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள். நாங்கள் சொல்லச் சொல்ல அவர் நம்பவில்லை. “நேரத்தைப் போயி எவனாவது மாத்துவானா? உங்களுக்கு எவனோ போன்ல சும்மா சொல்லியிருக்கான்” என்றார். திங்கட்கிழமை எல்லா வேலையும் ஒரு மணி நேரம் தள்ளிப் போன பிறகுதான், “இதுக்குப் பேருதான் வெள்ளைக்காரன் புத்தியா” என்று அடங்கினார்.

அங்கே சட்டமும் கடிகாரம் மாதிரிதான், சும்மா இருக்காது. முன்பெல்லாம் வருஷக் கடைசியில் வரித்துறைக்கு மொத்தமாக ஒரு கணக்குக் கொடுத்தால் போதுமாம். இப்போது ஒவ்வொரு சம்பளத்துக்கும், அது கைக்குப் போய்ச் சேருவதற்குள், தகவல் போயாக வேண்டும். ஓர் ஆளுக்குப் பயணப்படி கொடுத்தால் அதற்குத் தனித் தகவல். கிறிஸ்துமஸுக்கு வவுச்சர் கொடுத்தால் அதற்கும் ஒன்று. ஓய்வூதியத் திட்டத்தில் சேராமல் இருப்பவர்களை அரசாங்கமே பிடித்துச் சேர்த்துவிடுகிறது. வேண்டாம் என்றால் பிற்பாடு அவர்களாக விலகிக்கொள்ள வேண்டும். பந்தியில் உட்கார வைத்து இலையைப் போட்டுவிட்டு, “பசிக்கலையா, அப்ப எந்திரிங்க” என்பது மாதிரி. இவ்வளவையும் படித்து நினைவு வைத்திருப்பதுதான் எங்களுக்குப் பிழைப்பு.

என் பக்கத்து நாற்காலி மாரீஸ்வரிக்கு. இருபத்தாறு வயசு, கயத்தாறு பக்கம் ஒரு கிராமம், வீட்டில் எழுபது ஆடு. நான் பதிவு செய்வேன், அவள் சரிபார்ப்பாள். எங்களுக்கு ஓர் அயர்லாந்து ஆட்டுப் பண்ணைக்காரரும் வாடிக்கையாளர். அவர் ஆட்கள் திடீரென்று இரட்டைப் பங்கு நேரம் வேலை பார்த்ததாகக் கணக்கு வந்தால் நான் பதறுவேன். மாரீஸ்வரி தலையைக்கூடத் தூக்க மாட்டாள். “குட்டி போடுத சமயம் எக்கா. பத்து நாள் இப்படித்தான் இருக்கும். ஒருத்தனும் தூங்க மாட்டான்” என்பாள். அந்தப் பண்ணைக்காரர் இப்போது என்னிடம் பேசுவதே இல்லை, அவளைத்தான் கேட்கிறார்.

3. என்னுடைய தெளிவு

இனி அந்த வரிக்கு வருகிறேன்.

புதன்கிழமை மோயிரா அனுப்பிய பட்டியலில், முப்பத்தொன்றாம் நம்பருக்கு நேரே மூன்று நாளுக்கு ஒரு மூன்றெழுத்துச் சுருக்கம் இருந்தது. பக்கத்தில் “வழக்கம்போல் சம்பளம்” என்று குறிப்பு. அந்தப் பெண்ணின் பெயரை நான் எழுத மாட்டேன். நம்பரைக்கூட மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். முப்பத்தொன்று என்றே வைத்துக்கொள்வோம்.

அந்தச் சுருக்கம் எனக்குப் புதுசு. தேடிப் படித்தேன். வீட்டில் அடி, மிரட்டல் என்று மாட்டிக்கொண்டிருக்கும் ஊழியர்கள் வக்கீலைப் பார்க்க, கோர்ட்டுக்குப் போக, வேறு வீடு தேட, வருஷத்துக்கு ஐந்து நாள் முழுச் சம்பளத்தோடு விடுப்பு எடுக்கலாம் என்று அங்கே சட்டம். படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. “நல்ல ஊருதாம்ட்டி” என்று மாரீஸ்வரியிடம்கூடச் சொன்னேன். உடனே அந்த விடுப்புக்குப் மென்பொருளில் புதுசாக ஒரு குறியீடு உண்டாக்கி, சுருக்கம் யாருக்கும் புரியாதே என்று முழுப் பெயரையும் கொடுத்து, சீட்டில் தனி வரியாக வரும்படி செய்தேன். என் சீட்டை எட்டாம் வகுப்புப் பிள்ளை வாசித்தாலும் எந்தக் காசு எதற்கு என்று விளங்க வேண்டும். எனக்கு அதில் ஒரு கர்வம் உண்டு.

மாரீஸ்வரி சரிபார்க்கும்போது கேட்டாள். “எக்கா, இதைப் பேரு போட்டே எழுதணுமா?”

“சம்பளத்துல மறைக்கதுக்கு என்னட்டி இருக்கு?” என்றேன்.

அவள் டிக் போட்டாள். பெரியவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள். நான் படித்த அந்தக் குறிப்பின் அடியிலேயே, இந்த விடுப்பு சம்பளச் சீட்டில் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது. நான்தான் அடிவரைக்கும் போகவில்லை. பாதிச் சட்டம் படித்தவள் முழுச் சட்டம் தெரிந்தவளைவிட வேகமாக வேலை பார்ப்பாள்.

இப்போது போனில் மோயிரா மளமளவென்று சொன்னார். அந்த மூன்று நாளும் முப்பத்தொன்று வேலைக்குப் போவதுபோலவே யூனிஃபார்ம் போட்டு, மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறாள். ஒரு நாள் வக்கீல். ஒரு நாள் கோர்ட் ஆபீஸ். ஒரு நாள் வாடகைக்கு ஓர் அறை. புருஷனுக்கு எதுவும் தெரியாது. அவள் மொபைல் பாதி நேரம் அவன் கையில்தான் இருக்கும், சீட்டு வருகிற மெயிலைத் தன் மொபைலிலும் போட்டு வைத்திருக்கிறான். வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சீட்டு வந்ததும் முதலில் திறப்பவன் அவன்தான்.

“இவ சீட்டை மட்டும் நிறுத்தி வைப்போமா?” என்று கேட்டேன்.

“அஞ்சு நிமிஷம் பிந்துனாலே ஏன்னு கேட்டு ஆபீசுக்குப் போன் போடுவானாம். மத்தவங்களுக்கு வந்து இவளுக்கு மட்டும் வரலைன்னா இன்னும் மோசம்.”

“போன பிற்பாடு திருத்தி அனுப்புனா?”

“திருத்தப்பட்ட சீட்டுன்னு பேரு போட்டு வரும், பழசும் அதுலயே இருக்கும். உங்களுக்குத் தெரியாததா?”

தெரிந்ததுதான். பயத்தில் கேட்டேன்.

கடைசியில் மோயிரா குரல் இறங்கிவிட்டது. “தப்பு உங்க மேல மட்டும் இல்ல. காலையில நீங்க அனுப்புன சம்பள அறிக்கை எனக்கு ஓகே கேட்டு வந்துச்சு. தொறந்து பாக்காமலே ஓகே குடுத்துட்டேன். இப்பத்தான் டீ குடிக்கும்போது பாத்தேன்.” அழுகிறார் என்று தெரிந்தது. “ஏதாவது செய்யுங்க” என்றார்.

4. பேச்சியம்மாள்

போனை வைத்ததும் என் கண் முன்னால் ஒரு முகம் வந்து நின்றது. அயர்லாந்து முகம் இல்லை, பேச்சியம்மாள் முகம்.

தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கும் வேலை, அதாவது மருந்தில் முக்குவதற்காகக் குச்சிகளைக் கட்டையில் வரிசையாக அடுக்கும் வேலை, பார்த்தவள். ஒரு தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் குவிந்தபோது, நாலு வாரம் விடாமல் கூடுதல் வேலை பார்த்தாள். சனிக்கிழமை என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள். “கணக்கம்மா, கூடுதல் வேலைக் காசைச் சீட்டுல ஏத்தாதீங்க. எங்கிட்ட தனியாத் தந்திருங்க. புள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்.”

“சீட்டுல ஏத்தாம எப்படித் தர? ரூலுன்னா ரூலுதான்” என்றேன். அப்போதே எனக்கு இந்தத் தெளிவு வியாதி இருந்தது.

அவள் புருஷன் ஆபீஸ் கேட்டருகில் நின்று சீட்டை வாங்கிப் பார்த்தான். தனி வரியாக, அழகாக, கூடுதல் வேலை இவ்வளவு என்று நான் எழுதியிருந்தேன். திங்கட்கிழமை பேச்சியம்மாள் ஒரு கண் வீங்கி மூடிய நிலையில் வந்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். உட்கார்ந்து கட்டை அடுக்கினாள்.

அடுத்த வாரத்திலிருந்து நான் ஒரு தனி நோட்டு வைத்துக்கொண்டேன். பதினொரு பெண்களுக்கு அதில் பக்கம் இருந்தது. கேட்டில் காட்டுகிற சீட்டில் வழக்கமான சம்பளம், மீதி கையில், நோட்டில் கையெழுத்து. முதலாளிக்குத் தெரியும். கண்டும் காணாமல் இருந்துகொண்டார்.

அப்படிப்பட்ட நான்தான் முப்பத்தொன்றின் சீட்டில் அந்த வரியை எழுதினேன். ஏன் என்று பிற்பாடு ரொம்ப யோசித்தேன். அயர்லாந்துப் பெண்ணுக்கும் கேட்டருகில் நின்று சீட்டை வாங்குகிற புருஷன் இருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அங்கே எல்லாம் மொபைல், எல்லாம் சட்டம், எல்லோருக்கும் பாஸ்வேர்டு என்று நினைத்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

5. கழுகுமலை மேளம்

முடித்துப் பூட்டிய சம்பளத்தைத் திறக்க எங்கள் ஆபீசில் இரண்டு சாவி வேண்டும். ஒன்று என் பாஸ்வேர்டு. இன்னொன்று குருசாமி அண்ணாச்சியின் மொபைலுக்கு வரும் ஆறு இலக்க ஓடிபி. முன்பு ஒரு பையன் நாற்பது மணி நேரத்தை நானூறு என்று அடித்து, பூட்டியதைத் தானே திறந்து, திருத்துகிறேன் என்று நாலாயிரம் ஆக்கினான். அதற்கப்புறம் அண்ணாச்சி போட்ட ஏற்பாடு இது. “காரணம் இல்லாமல் பூட்டைத் திறக்கக் கூடாது” என்று சுவரில் ஸ்டிக்கரும் ஒட்டிவைத்தார்.

அன்று அண்ணாச்சி கழுகுமலையில் மச்சினர் மகள் நிச்சயதார்த்தத்தில் இருந்தார். மூன்றாவது தடவைதான் போனை எடுத்தார்.

“எக்கா, சத்தமாச் சொல்லுங்க, இங்கன மேளம் வாசிக்கான்.”

“அண்ணாச்சி, உங்களுக்கு இப்ப ஒரு ஓடிபி வந்திருக்கும். அதைச் சொல்லுங்க.”

“என்னத்துக்கு?”

“முதியோர் இல்லத்துச் சம்பளத்தைத் தொறக்கணும்.”

“முடிச்சுப் பூட்டியாச்சுன்னு மத்தியானம் சொன்னீய?”

“ஒரு சீட்டுல திருத்தம்.”

“என்ன திருத்தம்?”

அந்த விடுப்பைப் பற்றித் தெரிய வேண்டியவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்பது சட்டம். மாரீஸ்வரியும் நானும் அந்தச் சம்பளத்தைக் கையால் போடுகிறவர்கள், எங்களுக்குத் தெரிந்துதான் ஆக வேண்டும். அண்ணாச்சிக்கு அவசியம் இல்லை. அவர் வருஷத்துக்கு ஒரு தடவை அயர்லாந்து போய் அந்த இல்லத்து ஆட்களோடு டீ குடித்துவிட்டு வருகிறவர். முப்பத்தொன்று அவருக்கு எதிரே நிற்கக்கூடும். போதாததற்கு, அவர் பக்கத்தில் பந்தி நிறையச் சொந்தக்காரர்கள்.

“அதைச் சொல்ல முடியாது அண்ணாச்சி.”

“எனக்கேயா?”

“உங்களுக்கும்தான்.”

“எக்கா, இது ஏங் கம்பெனி. காரணம் தெரியாம எப்படித் தொறக்கச் சொல்லுதீய? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான்லா பதில் சொல்லணும்?” அவர் கேட்டதில் தப்பே இல்லை. மேளம் வேறு உச்சத்துக்குப் போனது. இதற்குள் அந்த ஓடிபி காலாவதியாகி, திரையில் புதுசு அனுப்பவா என்று கேட்டது. மணி ஐந்து ஐந்து.

மாரீஸ்வரி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“அண்ணாச்சி, பொம்பளையாளுக சமாச்சாரம்.”

அவர் எழுந்து வெளியே வந்தார் போல, மேளச் சத்தம் தூரப் போனது.

“அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானட்டி! அனுப்பு, சொல்லுதேன். எழுதிக்கோ.”

எங்கள் பக்கத்து ஆண்கள் அந்த வார்த்தைக்கு மேல் இரண்டாவது கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில், கலெக்டர் ஆபீசில், எங்கே சொன்னாலும் வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். மாரீஸ்வரி பொய்யும் சொல்லவில்லை. எனக்கு ஏழேழு வருஷம் யோசித்தாலும் அது வந்திருக்காது.

6. காரணம் கேட்கும் பெட்டி

பூட்டு திறந்தது. நான் வேகமாக அந்த வரியின் பேரை அழிக்கப் போனேன். மாரீஸ்வரி என் கையைப் பிடித்தாள்.

“பேரை மட்டும் எடுத்தாப் போதாது எக்கா. சீட்டு எப்பவும் வருத மாதிரி இருக்கணும்லா?”

முப்பத்தொன்றின் பழைய ஆறு வாரச் சீட்டுகளைத் திரையில் வரிசையாக விரித்தாள். ஒவ்வொரு வாரமும் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டு, ஞாயிற்றுக்கிழமைக்குக் கூடுதல் வீதம் உண்டு. நான் விடுப்பு மூன்று நாளையும் சாதா வீதத்தில் போட்டிருந்தேன். அந்த மூன்றில் ஒன்று ஞாயிறு. பேரை மட்டும் அழித்து அனுப்பியிருந்தால், தொகை குறைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய் என்று அவன் கேட்டிருப்பான். சட்டப்படியும் அவளுக்கு வழக்கமான முழுச் சம்பளம் வர வேண்டும், ஆக என் கணக்கே தப்பு. ஒரே வரியில் இரண்டு தப்பு.

அவளுடைய ரோஸ்டரில், அதாவது எந்த நாள் எத்தனை மணி வேலை என்ற பட்டியலில், இருந்த மணி நேரங்களை அப்படியே ஏற்றினோம். சாதா நாள், ஞாயிறு, இடைவேளைப் பிடித்தம், எல்லாம் எப்போதும்போல. சேமி என்று அழுத்தினேன். திரையில் சிவப்பாக ஒரு பெட்டி எழுந்தது.

மனுஷர்கள் விடுகிற தப்பைக் கண்டுபிடிக்க இப்போது மென்பொருளுக்குள்ளேயே ஒரு செயற்கை அறிவை உட்கார வைத்திருக்கிறார்கள். நல்ல கெட்டிக்காரச் சாதனம். காலையில் அந்த வரியைப் பார்த்து அது வாயே திறக்கவில்லை. இப்போது மட்டும், “இவருக்கு முதலில் விடுப்புப் பதிவாகியிருந்தது. இப்போது வேலை நேரம் பதிவாகிறது. காரணம் எழுதவும்” என்று வழி மறித்தது. எழுதுகிற காரணம் அந்த வாரத்து மாற்றங்களின் அறிக்கையில் ஏறி, அந்த இல்லத்தின் ஐந்து சூப்பர்வைசர்களுக்கும் போகும்.

மணி ஐந்து பதினாறு. அண்ணாச்சியிடம் தப்பித்து வந்தால், அதே கேள்வியோடு இது நிற்கிறது.

“இதுகிட்டயும் பொம்பளையாளுக சமாச்சாரம்னு சொல்லிருவமா?” என்றேன். அந்த நேரத்திலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வருகிற சிரிப்பு. மாரீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியில் இரண்டே வார்த்தை அடித்தாள்: “ரோஸ்டர்படி சம்பளம்.” அதில் பொய் இல்லை. விடுப்பின் உண்மையான பதிவு மோயிராவின் பூட்டிய ஃபைலில் இருக்கிறது, அது அங்கேதான் இருக்க வேண்டும்.

பெட்டி பச்சையானது. தொகை மாறியதால் வரித்துறைக்குத் திருத்தம் அனுப்பினோம். ஐந்து இருபத்து நாலுக்கு ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. நான் உண்டாக்கிய அந்தக் குறியீடு இனி சீட்டில் அச்சாகாதபடி அடைத்தோம். மோயிராவுக்கு அனுப்பினோம். இந்தத் தடவை அவர் ஒவ்வொரு வரியாகத் திறந்து பார்த்துவிட்டு ஓகே கொடுத்தார். பூட்டினோம். ஐந்து இருபத்தொன்பது.

ஐந்தரைக்கு நாற்பத்திரண்டு சீட்டும் கிளம்பின.

அப்புறம் செய்வதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை. அவன் திறந்தானா, பார்த்தானா, எதையாவது கவனித்தானா என்று கோவில்பட்டியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? மாரீஸ்வரி டீ வாங்கி வந்தாள். ஆறிப் போகும்வரை இரண்டு பேரும் அதைத் தொடவில்லை. அன்று ராத்திரி வீட்டில் விளக்கேற்றினேன். தெரியாத ஒருத்திக்காகச் சாமி கும்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மோயிராவிடமிருந்து ஒரே வரியில் மெயில் வந்தது. “இன்று வேலைக்கு வந்திருக்கிறாள்.” படித்துவிட்டு நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

7. ஒருத்தியின் வாழ்க்கை எங்களுக்குத் தெரியும் விதம்

திங்கட்கிழமை அண்ணாச்சி வந்தார். நிச்சயதார்த்தத்து லட்டை மேசையில் வைத்துவிட்டு, “எக்கா, அன்னைக்கு அந்த விஷயம்...” என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்தார். “வேண்டாம், சொல்லாதீய” என்று அவரே முடித்துக்கொண்டார். மத்தியானம் மாரீஸ்வரியைக் கூப்பிட்டு, “இனிமே ரெண்டாவது சாவி உன் போனுக்கு வரும். நீ எவன்கிட்டயும் காரணம் சொல்ல வேண்டாம், நோட்டுல தேதியும் நேரமும் மட்டும் எழுது” என்றார். அண்ணாச்சியிடம் ஆயிரம் குறை சொல்வேன், அன்று மட்டும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

சம்பளம் போடுகிறவர்களுக்கு ஒருத்தியின் வாழ்க்கை கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஆறு வாரம் கழித்து முப்பத்தொன்றின் வங்கிக் கணக்கு எண் மாறியது. அதற்கடுத்த வாரம் முகவரி மாறியது, வேறு ஊர். சீட்டு போகிற மெயில் முகவரி மாறியது. பிறகு வரித்துறையிலிருந்து புது அறிவிப்பு வந்தது. இதுவரை புருஷனோடு சேர்த்துப் பார்த்த வரியை இனி தனியாகப் பார்க்கச் சொல்லி. ஒவ்வொன்றும் வரும்போது மாரீஸ்வரி திரையை என் பக்கம் திருப்புவாள்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சட்டத்தை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அது மாறிக்கொண்டே இருக்கும், மாறியதை நீங்களே படித்துக்கொள்ளலாம், தயவுசெய்து அடிவரைக்கும் படியுங்கள். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். சீட்டு எழுதும்போது கூட்டல் சரியா என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். அது யார் கையில் போய் விரியும் என்றும் யோசியுங்கள். கட்டை அடுக்குகிறவள் ஆனாலும், அயர்லாந்தில் முதியவர்களைக் குளிப்பாட்டுகிறவள் ஆனாலும், சம்பளம் அவளுடையது. சீட்டை வேறு யாரோ வாசிக்கலாம்.

சித்திரை வெயிலில் ஒரு புதன்கிழமை மோயிரா போன் செய்தார். முதல் இரண்டு நிமிஷம் மழை. பிறகு விஷயம்.

“முப்பத்தொண்ணு மிச்சம் இருந்த ரெண்டு நாள் லீவையும் எடுத்திருக்கா. கோர்ட்டுக்கு.”

“சரி. ரோஸ்டர்படி போட்டிருதேன்.”

“இல்ல. இந்தத் தடவை அந்த லீவோட பேரைப் போட்டே எழுதணுமாம். கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கா, உங்களுக்கு அனுப்புதேன்.”

“எதுக்காம்?”

“நானும் அதைத்தான் கேட்டேன். இப்ப என் சீட்டை நான் மட்டுந்தான் வாசிக்கேன்னு சொன்னா.”

கையெழுத்து வந்தது. மாரீஸ்வரி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, அடைத்து வைத்திருந்த குறியீட்டைத் திறந்தாள். நான் அந்த வரியை முழுப் பெயரோடு அடித்தேன்.